பந்தயப் படத்தில் பழைய குரோனோகிராஃபைக் கண்டுபிடிப்பது எப்படி

டயலில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கப் பார்க்காதீர்கள். பழைய கார் பந்தயப் படங்களில் வாட்ச் தேடுகிறவர்கள் முதலில் செய்வது அதைத்தான், முதலில் சலித்துப்போவதும் அதனால்தான். நடிகரின் மணிக்கட்டு திரையில் தெரிவதே ஒரு நொடியோ அரை நொடியோ. அதிலும் கை ஆடிக்கொண்டிருக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பெரும்பாலும் 48-ல் ஒரு பங்கு நொடிதான் வெளிச்சம் விழுந்திருக்கும். அந்த நேரத்துக்குள் கை நகர்ந்தால் எழுத்து கோடாக இழுபட்டுவிடும். பெரிதாக்கினால் கோடுதான் பெரிதாகும்.

அதனால் உருவத்தைப் பாருங்கள். வரப்பில் தூரத்தில் வருகிறவரை முகம் தெரியாமலே நடையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா, வாட்சுக்கும் அப்படி ஒரு நடை உண்டு. கேஸ் என்கிற கூடு என்ன வடிவம், கிரவுன் என்கிற சாவித் திருகு எந்தப் பக்கம், டயலுக்குள் சின்ன வட்டம் எத்தனை, அதில் எந்த முள் ஓடுகிறது, வேக அளவு எங்கே அச்சாகியிருக்கிறது. இந்த வரிசையில் பார்த்தால் பெயர் தெரியாமலே பாதி வாட்சுகளை அடையாளம் சொல்லிவிடலாம்.

நான் மன்னார்குடியில் வாட்ச் ரிப்பேர் பார்ப்பவன். பேட்டரி மாற்றுவதும் வார் மாற்றுவதும்தான் இப்போது முக்கால்வாசி வேலை. சாவி கொடுக்கும் வாட்ச் வந்தால் அன்றைக்குத் திருவிழா. கடையைச் சாத்திவிட்டு ராத்திரியில் லேப்டாப்பில் இந்தப் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. கதை என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கையில் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள்

குரோனோகிராஃப் என்றால் மணியும் காட்டும், ஸ்டாப் வாட்ச் வேலையும் செய்யும் வாட்ச். கிரவுனுக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். மேல் பொத்தானைத் தட்டினால் நடுவில் இருக்கும் நீள முள் ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். கீழ் பொத்தானைத் தட்டினால் முள் பூஜ்யத்துக்குத் திரும்பும். லாண்டரான் 48 என்ற பழைய சுவிஸ் மெஷினில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: ஓட்டுவதற்கு மேல் பொத்தான், நிறுத்துவதற்கும் பூஜ்யத்துக்கும் கீழ் பொத்தான். படத்தில் ஒருவர் கீழ் பொத்தானைத் தட்டி முள்ளை நிறுத்தினால் அது லாண்டரானாக இருக்கலாம். நடிகருக்கு எதை அமுக்குவது என்று தெரியாமலும் இருக்கலாம்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு தரம் கையில் வைத்து அமுக்கிப் பார்ப்பது மேல். நம் பக்கத்தில் அதற்கு வழி உண்டு. கூத்தாநல்லூர், பொதக்குடி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கமெல்லாம் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போய்வந்த குடும்பங்கள். பீரோவில் பழைய சைக்கோ (Seiko) வாட்ச் ஒன்றாவது கிடக்கும். பெரும்பாலும் சைக்கோ 5. எப்போதாவது 6139 என்ற மெஷின் வைத்தது வரும். "அண்ணே, தாத்தாவோடது, ரெண்டு பட்டன் எதுக்குன்னே தெரியல" என்று பேரன் கொண்டுவந்து வைப்பான். திருப்பிப் பார்த்தால் பின்மூடியில் 6139 என்று இருக்கும்.

அது சாதாரண வாட்ச் இல்லை, தம்பி என்று அப்போது உட்கார வைத்துச் சொல்வேன். தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் உலகத்தில் முதன்முதலாக வந்தது 1969-ல். அந்த வருடம் வாட்ச் கம்பெனிகளின் மூன்று அணிகள் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டன. ஜனவரியில் ஸெனித் தன் எல் பிரைமரோ மெஷினை அறிவித்தது. மார்ச் 3-ஆம் தேதி ஹோயர், பிரைட்லிங், ஹாமில்டன்-பியூரன், டுபுவா டெப்ரா சேர்ந்து செய்த கேலிபர் 11 என்ற மெஷினை அறிவித்தார்கள். சைக்கோவின் 6139-ம் அதே வருடம் ஜப்பானில் கடைக்கு வந்துவிட்டது. யார் முதல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நமக்கு அது வேண்டாம், 1969 என்ற வருடம் மட்டும் போதும். பின்னால் அது நிறைய இடத்தில் கைகொடுக்கும்.

6139-ல் சின்ன வட்டம் ஒன்றுதான், ஆறு மணிப் பக்கத்தில். அது 30 நிமிடக் கணக்கு. தனியாக ஓடும் செகண்ட் முள் கிடையாது. அதனால் வாட்ச் ஓடுகிறதா என்று தெரிய, பலர் ஸ்டாப் வாட்ச் முள்ளையே எப்போதும் ஓடவிட்டு வைத்திருப்பார்கள். படத்தில் நீள முள் ஓடுகிறது என்பதால் அந்த ஆள் எதையோ நேரம் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எங்கே நிறுத்துவது

மங்கலான பிரதி வேலைக்கு ஆகாது. சுத்தப்படுத்தி மறுபடி வெளியிட்ட பிரதி கிடைத்தால் அதை எடுங்கள். விஎல்சி பிளேயரில் படத்தை நிறுத்திவிட்டு கீபோர்டில் ஆங்கில 'E' எழுத்தைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். யூடியூபில் நிறுத்தி வைத்து முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், கமா விசை பின்னே கொண்டுவரும். செல்போனில் இந்த வேலை நடக்காது, விரல்தான் வலிக்கும்.

கார் பறக்கும் காட்சிகளை ஓட்டிவிடுங்கள், அங்கே வாட்ச் அகப்படாது. கை அசையாமல் இருக்கும் இடங்களைப் பிடிக்க வேண்டும். கையுறையை இழுத்து மாட்டும்போது, ஹெல்மெட் வாரைக் கட்டும்போது, புறப்படும் முன் ஸ்டியரிங்கில் கை ஊன்றியிருக்கும்போது, காபிக் கோப்பையைப் பிடித்திருக்கும்போது, சிகரெட் பற்றவைக்கும்போது. சிகரெட் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கை முகத்துக்குப் பக்கத்தில் வரும், கேமரா முகத்துக்குத்தான் ஃபோகஸ் வைத்திருக்கும், வாட்சும் கூடவே தெளிவாக விழுந்துவிடும்.

இந்தக் கணக்கில், பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வைத்து 1971-ல் வந்த 'லெ மான்' படம் வரம். முதல் அரை மணி நேரத்துக்கு மேல் பேச்சு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. சப்டைட்டிலைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, கண்ணை மணிக்கட்டிலேயே வைத்திருக்கலாம். மாலை நான்கு மணிக்குப் பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய நிமிடங்களில் கதாநாயகன் ஸ்டீவ் மெக்வீன் காருக்குள் உட்கார்ந்து காத்திருப்பார். கடிகாரம், முகம், கை என்று மாற்றி மாற்றிக் காட்டுவார்கள்.

இடது பக்கக் கிரவுன்

அந்தப் படத்தில் மெக்வீன் கட்டியிருப்பது ஹோயர் மொனாக்கோ, மாடல் 1133பி. இதை அடையாளம் காணப் பெயரே தேவையில்லை. அன்றைய குரோனோகிராஃப்கள் வட்டமாக இருந்த காலத்தில் இது சதுரம். நீல டயலில் இரண்டு வெள்ளைச் சின்னக் கட்டங்கள், அவையும் ஓரம் மழுங்கிய சதுரம். ஆறு மணி இடத்தில் தேதி. மணிக் குறிகளை மற்ற வாட்சுகளில் மையத்தைப் பார்த்து வைப்பார்கள், இதில் படுக்கை வசமாக வைத்திருப்பார்கள். மங்கலான ஃபிரேமில்கூட அந்தப் படுக்கைக் கோடுகள் ஒரு மாதிரி தனியாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கிரவுன் இடது பக்கம், பொத்தான்கள் வலது பக்கம். பியூரன் கம்பெனியின் மைக்ரோ ரோட்டார் (கை அசைவில் சாவி ஏற்றும் சின்னச் சுழலி) மெஷினை அடியாக வைத்து, டுபுவா டெப்ரா செய்த ஸ்டாப் வாட்ச் பகுதியை அதன்மேல் தனித் தட்டாக ஏற்றியதுதான் கேலிபர் 11. இரண்டும் சேர்ந்தபோது கிரவுன் ஒன்பது மணிப் பக்கம் போய்விட்டது. விற்கிறவர்கள் அதையே பெருமையாக்கிவிட்டார்கள்: தினமும் சாவி கொடுக்க வேண்டியதில்லை, கிரவுன் எங்கே இருந்தால் என்ன?

ஆகவே சின்ன வட்டம் இரண்டு, கிரவுன் இடது பக்கம் என்று பார்த்தவுடன் கேலிபர் 11 குடும்பம் என்று சந்தேகப்படலாம். மொனாக்கோ மட்டுமல்ல, அந்தக் காலத்து ஹோயரின் ஆட்டோமேட்டிக் ஓட்டாவியா, ஆட்டோமேட்டிக் கரேரா, பிரைட்லிங், ஹாமில்டன் என்று பல உடம்புகளில் அதே மெஷின் இருந்தது. வட்டக் கேஸ், கண்ணாடியைச் சுற்றி வெளியே சுழலும் வளையம் (பெசல்) என்றால் ஓட்டாவியா பக்கம் போங்கள். சதுரம் என்றால் மொனாக்கோ.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. படத்தின் ஸ்டில்களை, போஸ்டர்களை அச்சடிக்கும்போது இடவலமாகத் திருப்பிவிடுவது சகஜம். திருப்பிய படத்தில் மொனாக்கோவின் கிரவுன் வலது பக்கம் போய்விடும், சாதாரண வாட்சின் கிரவுன் இடது பக்கம் வந்துவிடும். அதனால் கிரவுனை நம்புவதற்கு முன் சட்டையில் உள்ள எழுத்தையும் கார் எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். மெக்வீனின் உடையில் நெஞ்சில் ஹோயர் பெயர் போட்ட ஒட்டு இருக்கும். அது நேராக இருந்தால் கிரவுனும் நேர்.

அந்த ஒட்டு எப்படி அங்கே வந்தது என்பதும் நல்ல கதை. ஜோ சிஃபெர் என்ற சுவிஸ் ஓட்டுநர் ஹோயரின் ஆதரவில் ஓடியவர், அந்த ஒட்டை உடையில் தைத்திருந்தவர். படத்தில் தன் வேடம் சிஃபெர் மாதிரி இருக்க வேண்டும் என்று மெக்வீன் அதே உடையைப் போட்டுக்கொண்டார். உடையில் ஹோயர் இருக்கும்போது கையில் வேறு வாட்ச் பொருந்துமா? சிஃபெர் கையில் இருந்ததோ மொனாக்கோ இல்லை, வெள்ளை டயலில் கறுப்பு வட்டங்கள் கொண்ட ஓட்டாவியா. இப்போது சேகரிப்பவர்கள் அந்த மாடலை சிஃபெர் என்றே சொல்கிறார்கள். படப்பிடிப்புக்கு ஒரே மாதிரி வாட்ச் பல வேண்டியிருக்கும், ஒன்று கீறல் விழுந்தால் இன்னொன்று. அப்படிக் கொடுத்த மொனாக்கோக்களில் ஒன்றை மெக்வீன் தன் மெக்கானிக்குக்குப் பின்மூடியில் பெயர் பொறித்துக் கொடுத்தார். 2020 டிசம்பரில் நியூயார்க்கில் அது 22 லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போனது. எங்கள் தொழிலில் வேலை முடிந்ததும் அடுத்த வேலை எப்போது என்றுதான் கேட்பார்கள்.

சின்ன முள் எது ஓடுகிறது

கேஸும் கிரவுனும் பார்த்தாயிற்று. அப்புறம் சின்ன வட்டங்கள். மூன்று வட்டம், மூன்று, ஆறு, ஒன்பது மணி இடங்களில் இருந்தால் 1960-களில் பெரும்பாலும் வால்ஜூ 72 மாதிரி கையால் சாவி கொடுக்கும் மெஷின். ஹோயர் கரேரா, பழைய ஓட்டாவியா, ரோலெக்ஸ் டேடோனா எல்லாவற்றிலும் இந்த வால்ஜூ வம்சம் உண்டு. ஒன்பது மணி வட்டத்தில் இருப்பது சாதாரண செகண்ட் முள், அது எப்போதும் ஓடும். மூன்று மணி வட்டம் 30 நிமிடம், ஆறு மணி வட்டம் 12 மணி நேரம்.

இரண்டு ஷாட் இடைவெளியில் அதே வாட்ச் வந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். நீள முள் 12-ல் அசையாமல் நிற்கிறது, ஒன்பது மணிச் சின்ன முள் நகர்ந்திருக்கிறது என்றால் சாவி கொடுத்த, ஓடுகிற வாட்ச். கேலிபர் 11-ல் தனி செகண்ட் முள் கிடையாது. ஸ்டாப் வாட்ச் ஓடாதபோது டயலில் நொடி காட்டும் முள்ளே இல்லை, நின்றுபோன வாட்ச் மாதிரித் தெரியும். அதைப் பார்த்து 'படக்குழு சாவி கொடுக்க மறந்துவிட்டது' என்று சிரிக்க வேண்டாம்.

கறுப்பு டயலில் கறுப்பு வட்டங்களே மூன்று, பெசலில் கறுப்பு வளையம் என்றால் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மேல் சந்தேகம் விழ வேண்டும். சந்திரனுக்குப் போன வாட்ச் என்றுதான் இன்று எல்லாருக்கும் தெரியும். 1957-ல் அது வந்ததே கார் பந்தயக்காரர்களுக்காக. வெள்ளை டயலில் கறுப்பு வட்டம் என்றால் பாண்டா என்பார்கள், கறுப்பில் வெள்ளை என்றால் தலைகீழ் பாண்டா. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒவ்வொன்றும் ஒரு நிறம் என்றால் ஸெனித் எல் பிரைமரோ.

கடைசியாக வேக அளவு. டாக்கிமீட்டர் என்று பெயர். ஒரு கிலோமீட்டர் கடக்க எத்தனை நொடி ஆனதோ, அதால் 3600-ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். அந்த வகுத்தல் கணக்கைத்தான் வளையத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கிலோமீட்டர் கல்லை வைத்து நீங்களே செய்து பார்க்கலாம். கல்லுக்குக் கல் 60 நொடி என்றால் வேகம் 60, 45 நொடி என்றால் 80. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டால் கணக்கு அம்போ. லெ மான் சாலையில் அந்தக் காலப் போர்ஷே 917 நேர் ரோட்டில் மணிக்கு 350-ஐத் தாண்டிப் போகும். அப்படியென்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறையப் பத்து நொடிதான், வளையத்தில் இரண்டு மணிப் பக்கத்திலேயே முள் நின்றுவிடும்.

ஆளை அடையாளம் காண, இந்த அளவு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். டேடோனாவிலும் ஸ்பீட்மாஸ்டரிலும் வெளியே பெசலில் இருக்கும். 1963-ல் வந்த கரேராவில் பெசல் அகலமே கிடையாது, டயல் சுத்தமாக இருக்கும், நொடிக் கோடுகள் உள்வளையத்தில் போய் உட்கார்ந்திருக்கும். மொனாக்கோவில் டாக்கிமீட்டரே இல்லை. பந்தயத்துக்கு மிகப் பிரபலமான வாட்சில் வேகம் பார்க்க வழியில்லை என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வருடத்தைப் பிடியுங்கள்

இயக்குநர் ஜான் ஃபிராங்கன்ஹைமரின் 'கிராண்ட் பிரி' என்ற பந்தயப் படம் 1966-ல் வந்தது. அந்த வருடத்து உண்மையான பந்தய வாரங்களில் மொனாக்கோ, ஸ்பா என்று ஊர் ஊராகப் போய் எடுத்தார்கள். உண்மையான ஓட்டுநர்களும் திரையில் வருவார்கள். ஆகவே பின்னணியில் நிற்கும் ஆளின் கையில் இருப்பதும் அசல் 1966 சரக்கு. 1969-க்கு முன்னால் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் இல்லை, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரமும் 1969 கிறிஸ்துமஸுக்குத்தான் கடைக்கு வந்தது. அதனால் அந்தப் படத்தில் தெரியும் எந்த குரோனோகிராஃபும் கையால் சாவி கொடுப்பதுதான். இதற்கு வாட்சைப் பார்க்கக்கூட வேண்டாம், வருடமே சொல்லிவிடுகிறது.

'லெ மான்' இன்னும் சுவாரசியம். 1970 ஜூனில் நடந்த நிஜப் பந்தயத்திலேயே படக்கம்பெனி ஒரு போர்ஷே 908-ஐக் கேமரா கட்டி ஓடவிட்டது. பிறகு மாதக்கணக்கில் நடிகர்களை வைத்து எடுத்தார்கள். அந்த நிஜப் பந்தயத்தில் எடுத்த காட்சிகளில் உள்ள வாட்ச் 1970 ஜூனுக்குப் பிந்தியதாக இருக்கவே முடியாது. நடிகர் நெருக்கத்தில் வரும் ஷாட்டுக்கு அந்தக் கெடுவைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சமீபத்தில் எடுத்து அந்தக் காலத்தில் நடப்பதாகக் காட்டும் படங்களுக்கு வேறு கண் வேண்டும். அங்கே நான் முதலில் பார்ப்பது இருட்டில் ஒளிரும் பூச்சை. பழைய வாட்சில் அந்தப் பூச்சு காலப்போக்கில் மஞ்சள், பழுப்பு என்று மாறிவிடும். சேகரிப்பவர்கள் அதற்குத்தான் கூடுதல் காசு கொடுப்பார்கள். ஆனால் கதை 1966-ல் நடக்கிறது என்றால் அன்றைக்கு அந்த வாட்ச் புதுசு, பூச்சு வெளுப்பாகத்தானே இருக்க வேண்டும்? பழுப்பேறிய பூச்சோடு வந்தால் படக்குழு அரை நூற்றாண்டு பழைய வாட்சைத் தேடிப் பிடித்துக் கட்டிவிட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கடுத்து கண்ணாடி. பழையது பிளாஸ்டிக் கண்ணாடி, ஓரத்தில் வளைந்து வெளிச்சத்தை வளைத்துக் காட்டும். இன்றைய சஃபையர் கண்ணாடியில் நீலச் சாயலோடு ஒரு பளபளப்பு விழும். அளவையும் பாருங்கள், அன்றைய குரோனோகிராஃப் பெரும்பாலும் 36 முதல் 42 மி.மீ.க்குள். மணிக்கட்டு முழுவதையும் மூடினால் யோசியுங்கள்.

மொனாக்கோவுக்கு மட்டும் தனிக் குறிப்பு. 1998-ல் அதை மறுபடி வெளியிட்டபோது கிரவுனை வலது பக்கம் வைத்துவிட்டார்கள். 1970 வாக்கில் நடக்கும் கதையில் வலது பக்கக் கிரவுனோடு சதுர ஹோயர் வந்தால், காட்சி திருப்பப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தாராளமாகப் பிழை என்று எழுதலாம். பிற்காலத்தில் இடது பக்கக் கிரவுனோடும் வெளியிட்டிருக்கிறார்கள். அதனால் இடது என்றவுடன் அசல் என்று சொல்லிவிட முடியாது.

நிறத்தை மட்டும் கடைசி வரை நம்பாதீர்கள். அந்தக் காலக் கலர் ஃபிலிமில் முதலில் வெளுப்பது நீலப்பச்சைச் சாயம்தான், மிஞ்சுவது ரோஸ். டெண்டு கொட்டகையில் பழைய இங்கிலீஷ் படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், வானம், புல், கதாநாயகி எல்லாம் ஒரே ரோஸாக இருக்கும். அப்படிப்பட்ட பிரதியில் மொனாக்கோவின் நீலம் கறுப்பாகவோ அரக்காகவோ தெரியும். புதிதாகச் சுத்தப்படுத்திய பிரதியிலும் நிறத்தைத் திருத்துகிறவர் ருசிக்கு ஏற்ப நீலம் கூடும், குறையும். எது வெளிச்சம், எது இருட்டு என்ற வித்தியாசத்தை வைத்து முடிவு செய்யுங்கள், அது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பிட்டில் நிற்பவர்களை விடாதீர்கள்

ஓட்டுநரைவிட வாட்ச் அதிகம் தெரிவது பிட்டில், அதாவது பந்தயத்துக்கு நடுவே காரை நிறுத்திப் பார்க்கும் இடத்தில், நின்று நேரம் குறிப்பவர்களிடம்தான். அட்டையில் இரண்டு மூன்று ஸ்டாப் வாட்சைப் பதித்து, மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் எழுதுவார்கள். அன்றைக்கு ஓட்டுநர்களின் மனைவிமாரே இந்த வேலையைச் செய்வது வழக்கம். பந்தய ஓட்டுநர் யோக்கன் ரிண்டின் மனைவி நீனா பிட்டில் உட்கார்ந்து நேரம் குறிக்கும் புகைப்படங்களில் அவர் கையில் யுனிவர்சல் ஜெனீவ் காம்பாக்ஸ் இருக்கும். வெள்ளை டயல், கறுப்பு வட்டங்கள், அடியில் அகன்ற தோல் பட்டை. இன்று அந்த மாடலுக்கு நீனா என்றே பெயர் விழுந்துவிட்டது. பெரிய பெரிய ஓட்டையாகத் துளைத்த தோல் வார் தெரிந்தாலும் கவனியுங்கள், அது பந்தயக்காரர்களிடையே ஓடிய பாணி, வேர்வைக்குக் காற்று போக.

காருக்குள் டாஷ்போர்டிலும் கண் வையுங்கள். ராலி கார் என்றால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே இரண்டு கடிகாரம் ஜோடியாக இருக்கும். ஹோயரில் மாஸ்டர் டைம் என்பது எட்டு நாள் ஓடும் மணிக்கடிகாரம், மான்ட்டி கார்லோ என்பது 12 மணி நேர ஸ்டாப் வாட்ச். ஓட்டாவியா என்ற பெயரே முதலில் 1933-ல் இப்படி ஒரு டாஷ்போர்டு கருவிக்கு வைத்ததுதான். மணிக்கட்டுக்கு அது வந்தது 1962 வாக்கில்.

கதையும் ஃபிரேமும்

இதில் நான் கொஞ்சம் கறார். நடிகர் நிஜ வாழ்க்கையில் ஒரு வாட்ச் வைத்திருந்தார் என்பது வேறு, படத்தில் அது தெரிகிறது என்பது வேறு.

நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 'வின்னிங்' என்ற பந்தயப் படத்தில் நடித்த காலத்தையொட்டி மனைவி ஜோன் உட்வர்ட் வாங்கிக் கொடுத்தது. 'பார்த்து ஓட்டு' என்று பின்னால் பொறித்திருந்தார். அந்தப் படத்துக்காக ஓட்டக் கற்றவர் பிறகு நிஜமாகவே பந்தயக்காரர் ஆகி, 1979 லெ மான் பந்தயத்தில் இரண்டாவது இடம் வந்த அணியில் இருந்தார். வாட்ச் 2017 அக்டோபரில் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. இவ்வளவும் உண்மை. இதையெல்லாம் கேட்டவுடன் படத்தின் ஒவ்வொரு ஷாட்டிலும் அவர் கையில் டேடோனாவையே காணத் தொடங்கிவிடுகிறார்கள். சின்ன வட்டத்துக்குள் சதுர முனைக் குறிகள், டயல் ஓரத்தில் தனி நிறத்தில் ஒரு நொடிப் பாதை, இவைதான் அந்த டயலின் அங்க அடையாளம். அவை தெரியும் ஃபிரேம் கையில் இருந்தால் பேசுங்கள்.

மெக்வீன் பெயரில் இன்னொரு கூத்து. ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் இரண்டு, 1655 மாடல், ஆரஞ்சு நிற 24 மணி முள் வைத்தது. சந்தையில் அதற்கு ஸ்டீவ் மெக்வீன் என்றே பெயர். அவர் அதைக் கட்டியதற்கு ஆதாரமே இல்லை. அது குரோனோகிராஃபும் இல்லை. அவர் கட்டியிருந்த ரோலெக்ஸ் சப்மரைனர் 5512.

குறிப்பு எழுதும்போது ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்கிறேன். படத்தின் எந்தப் பிரதி, எத்தனையாவது மணி நிமிடம் நொடி, கண்ணால் கண்டது, அதிலிருந்து ஊகித்தது. பிரதியைக் குறிக்காமல் நேரத்தை மட்டும் எழுதினால் பயனில்லை, ஐரோப்பிய டிவிடிகள் பல நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடும், படம் நான்கு சதவீதம் சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டு மணி நேரப் படத்தில் கடைசிக் காட்சி ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிடும். மூன்றாவது பத்தியில் 'வட்டக் கேஸ், மூன்று வட்டம், இருண்ட டயல், பெசலில் எழுத்து, வலது கிரவுன்' என்கிற மாதிரி மட்டும் எழுதுங்கள். பெயர் நான்காவதில், பென்சிலால்.